அன்னம்மாவும் ஹன்னாவும்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்துருவம்)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டபோது, "டொக்டர் அக்கா, நீரிழிவைப் பற்றியோ பிரஷரைப் பற்றியோ ஒரு அரை மணித்தியாலம் பேசினால் போதும்" என்றார். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பலர் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டுதான் வந்திருப்பீர்கள். மத்தியானம் பாயாசத்தோடு சாப்பாடு என்றும் கேள்விப்பட்டேன். அந்தச் சாப்பாட்டுக்கு முன்னால் சீனியைப் பற்றிப் பேசுவது பாவம். ஆகவே ஒரு பெயரைப் பற்றிப் பேசுகிறேன் என்று அனுமதி கேட்டேன். செயலாளர் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "சரி அக்கா" என்றார். அந்த மௌனத்துக்கு நான் பொறுப்பாளியாகப் பேச வேண்டும்.

இந்த மலருக்காக நீங்கள் எல்லோரும் விபரத்தாள் நிரப்பி அனுப்பியிருந்தீர்கள். கனடா, லண்டன், பரிஸ், அவுஸ்திரேலியா, கொழும்பு, இங்கே உள்ளூர் என்று பல இடங்களிலிருந்து வந்த தாள்கள். அவற்றை அடுக்கி வைக்க நானும் ஓரிரு நாள் உதவினேன். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்ற பகுதியில் ஒரு பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது: ஹன்னா. சில தாள்களில் ஹனா, சிலவற்றில் ஆன், ஆனா, அனா. ஒரு அக்கா அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில், "எங்களுக்குப் பழக்கமில்லாத பெயர், மருமகள் விரும்பி வைத்தது" என்று எழுதியிருந்தார்.

பழக்கமில்லாத பெயரா? அக்கா, அது உங்கள் பேத்தியாருடைய காலத்தில் எங்கள் தீவகத்தின் கிணற்றடிகளில் நாளுக்குப் பத்துத் தரம் கேட்ட பெயர். அன்னம்மா என்றால் உடனே ஞாபகம் வரும்.

எங்கள் ஒழுங்கையில் நான் சிறுபிள்ளையாக இருந்தபோது இரண்டு அன்னம்மா ஆச்சிமார் இருந்தார்கள். ஒருவர் வேதக்காரர், மற்றவர் சைவம். கோயில் மணி கேட்டால் முதலாமவர் செபமாலையோடு புறப்படுவார். வெள்ளிக்கிழமை என்றால் மற்றவர் தலைமுழுகித் திருநீறு பூசிக்கொண்டு அம்மனுக்குப் போவார். தபாற்காரருக்குத்தான் சங்கடம். ஊரார் "மேற்கால அன்னம்மா, கிழக்கால அன்னம்மா" என்று பிரித்துச் சொல்வார்கள். இருவருக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது என்று அப்போது ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இரண்டு பதில்கள் கிடைத்திருக்கும், இரண்டும் சரியாக இருந்திருக்கும்.

சைவ ஆச்சியின் அன்னம் சோற்றிலிருந்து வந்தது. அன்னபூரணி, அன்னலட்சுமி, அன்னமுத்து எல்லாம் அந்த வீட்டுப் பெயர்கள். அன்னப்பறவையை நினைத்தும் வைப்பார்கள். இந்தக் குடும்பத்துப் பெயர் ஒன்று அத்திலாந்திக் கடலையே கடந்திருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். அது 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. வாங்கியவர் தன் மனைவியின் பெயரைச் சேர்த்து அதற்குப் புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று புதிதாகப் பெயரிட்டுவிட்டார். வெளியூர் போனதும் பெயரை மாற்றுகிற வழக்கம் எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் வந்ததில்லை என்பதற்காகச் சொன்னேன்.

வேதக்கார ஆச்சியின் அன்னா வேறு வழியாக வந்தவள். அந்த வழி நீளமானது.

அது எபிரேயப் பெயர். அந்த மொழியில் முதலெழுத்து தொண்டையின் அடியிலிருந்து எழும் ஒரு ஹகரம். அதன் வேர்ச்சொல்லுக்கு அருள், தயவு, இரங்குதல் என்று பொருள். கேட்கத் தகுதி உண்டா இல்லையா என்று பாராமல் மேலிருப்பவர் காட்டும் இரக்கம் அது. எங்கள் மொழியில் 'அருள்' என்ற ஒரு சொல்லே அதை முழுதாகத் தாங்கும். அரபு மொழியிலும் இதே வேர் உண்டு. அங்கே ஹனான் என்றால் கனிவு. யானைகளோடு அல்ப்ஸ் மலையைக் கடந்த ஹனிபால் என்ற தளபதியின் பெயரிலும் இதே வேர்தான் இருக்கிறது. 'பாகால் தெய்வத்தின் அருள்' என்பது அவர் பெயரின் பொருள். சமூகக்கல்விப் பாடத்தில் ஹனிபாலைப் பாடமாக்கியவர்கள் அவரும் அன்னம்மா ஆச்சியும் பெயரால் உறவினர் என்று அறிந்தால் சிரிப்பீர்கள்.

அருளப்பு, சுவாம்பிள்ளை என்ற பெயர்கள் எங்கள் தீவுகளில் எல்லோருக்கும் தெரியும். இரண்டும் ஒன்றே என்பது பலருக்குத் தெரியாது. யோவான் என்ற பெயருக்கு 'கர்த்தர் அருள் செய்தார்' என்று பொருள். அதே வேர். போர்த்துக்கேயர் அதை ஜுவாம் என்று உச்சரித்தார்கள், நாங்கள் அந்த ஒலியைப் பிடித்துப் பிள்ளையையும் சேர்த்து சுவாம்பிள்ளை ஆக்கினோம். பொருளைப் பிடித்துத் தமிழாக்கியவர்கள் அருளப்பர் என்றார்கள். சின்னப்பரும் அப்படித்தான், பவுல் என்றால் இலத்தீனில் சிறியவர். யோவானுக்கு ஒலியாலும் பொருளாலும் இரண்டு தமிழ்ப் பெயர்கள் கிடைத்தன. அன்னாவுக்கு ஒலி மட்டுமே தங்கியது, ஏனென்றால் அந்த ஒலிக்கு ஏற்கெனவே தமிழில் ஓர் அழகான பொருள் இருந்தது. மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. அன்னை என்ற சொல்லும் பக்கத்தில் இருந்தது. தமிழ்நாட்டுத் தென்கரையில் இன்னொரு புதினம் நடந்திருக்கிறது. சாந்தா ஆனா என்ற போர்த்துக்கேயச் சொல் அங்கே சந்தன மாதா ஆகிவிட்டது! எபிரேயத்து அருள் தமிழ்க் கரைக்கு வந்து மணக்கும் கட்டையாகிவிட்டது.

இதைக் கேட்டுவிட்டு, எபிரேயமும் தமிழும் ஒரே குடும்பம் என்று யாரும் வட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிடாதீர்கள். மானிப்பாயில் பிறந்து, சொற்களின் வேரைத் தேடுவதிலேயே வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்ட நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் பிறந்த மண் இது. ஒலி ஒத்திருப்பது வேறு, உறவு வேறு. தமிழ்த் தோகை எபிரேய வேதத்திலே மயிலுக்குப் பெயராகப் போயிருக்கிறது என்று கால்டுவெல் போன்றவர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அது வணிகத்தோடு போன சொல். அன்னாவும் அன்னமும் வழியில் சந்தித்துக்கொண்ட இரண்டு பேர், அவ்வளவுதான். ஆனால் சந்தித்தபின் பிரியவில்லை.

அந்தப் பெயருக்கு உரிய முதற் பெண்ணின் கதையை உங்களில் பாதிப் பேர் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாமுவேல் ஆகமத்தின் தொடக்கத்திலே வருகிறது. எல்க்கானா என்பவருக்கு இரண்டு மனைவியர். பெனின்னாளுக்குப் பிள்ளைகள் உண்டு, அன்னாளுக்கு இல்லை. வருடந்தோறும் சீலோ என்ற ஊரிலே உள்ள ஆலயத்துக்குக் குடும்பமாகப் போவார்கள். அங்கே பங்கு பிரிக்கும்போதெல்லாம் பெனின்னாள் சொல்லால் குத்துவாள். அன்னாள் சாப்பிடாமல் அழுவாள். பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்குப் பெரிதில்லையா என்று கணவன் கேட்கிறான். நல்ல மனிதன்தான், ஆனால் கேள்வியில் தன்னையே பார்க்கிறான். ஒருநாள் அவள் எழுந்து தனியே போய்ச் செபிக்கிறாள். உதடு அசைகிறது, குரல் வரவில்லை. ஏலி என்ற குரு பார்த்துவிட்டு, இவள் குடித்திருக்கிறாள் என்று கடிந்துகொள்கிறார். அவள் பணிவோடு, ஆனால் தெளிவாகப் பதில் சொல்கிறாள்: குடிக்கவில்லை, மனக்கவலையைக் கொட்டிக்கொண்டிருக்கிறேன் என்று. பிறகு சாமுவேல் பிறக்கிறான். பால் மறந்ததும் நேர்ந்தபடி ஆலயத்தில் விட்டுவிடுகிறாள். வருடத்துக்கு ஒருமுறை ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போய்ப் பார்ப்பாள்.

யூத மரபிலே, செபம் எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு அவளுடைய அந்த மௌனச் செபத்தைத்தான் இலக்கணமாகக் கொள்கிறார்கள். குடிகாரி என்று கண்டிக்கப்பட்ட ஒரு பெண்ணிடமிருந்து பெரிய பெரிய ரபிமார் இலக்கணம் எடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய புதுவருட நாளிலே இந்தக் கதையை வாசிப்பார்கள்.

நான் இந்தக் கதையை வைத்தியராகத்தான் இப்போது வாசிக்கிறேன். பிள்ளையில்லை என்று என்னிடம் வருகிற பெண்கள் பெரும்பாலும் மாமியாரோடு வருவார்கள். கணவர் வெளியில் மோட்டார் சைக்கிளில் இருப்பார். கேள்விக்கு மாமியார் பதில் சொல்வார். பெண் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், சில சமயம் உதடு மட்டும் அசையும். பிள்ளை தரிக்காத சோடிகளில் ஏறத்தாழப் பாதியில் ஆணின் பக்கத்துக் காரணமும் சேர்ந்தே இருக்கிறது. அந்த ஆணைப் பரிசோதனைக்குக் கூட்டிவருவதற்கு மூன்று நான்கு மாதம் போகும். அதற்குள் அந்தப் பெண்ணுக்கு இரண்டு சாத்திரியாரும் ஒரு நேர்த்தியும் முடிந்திருக்கும். கலியாண வீட்டில் ஆலத்தி எடுக்கிற இடத்தில் அவரை யாரும் கூப்பிடமாட்டார்கள். சீலோவிலே பங்கு பிரித்தபோது நடந்ததும் இதுதான். எல்க்கானாவுக்கு மற்ற மனைவியிடம் பிள்ளைகள் இருந்தபடியால் அந்தச் சந்தேகம் அவர்மேல் விழாது, அது வேறு விடயம்.

அன்னாளின் கதையில் எனக்குப் பிடித்த இடம் பிள்ளை பிறந்த இடம் இல்லை. தன்னைத் தவறாக விளங்கிக்கொண்ட பெரியவருக்கு அவள் வாய் திறந்து பதில் சொல்லும் இடம். அருள் என்ற பெயருள்ளவள் அருளுக்காகக் காத்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை.

இந்தப் பெண்ணுக்குப் பிறகு இன்னும் இரண்டு அன்னாக்கள் வருகிறார்கள். லூக்காவின் நற்செய்தியில் ஆலயத்தை விட்டு நீங்காத கைம்பெண் ஒருவர். மற்றவர் மரியாளின் தாய். இவருடைய பெயர் நற்செய்திகள் நான்கிலும் இல்லை. இரண்டாம் நூற்றாண்டளவில் எழுதப்பட்ட, திருமறையில் சேராத யாக்கோபின் நூல் ஒன்றில்தான் வருகிறது. அங்கேயும் பிள்ளையில்லாத மூத்த தம்பதி, கண்ணீர், பிறகு ஒரு குழந்தை. பழைய அன்னாளின் கதையைத்தான் புதிய அன்னாவுக்கு உடுத்தியிருக்கிறார்கள். இஸ்லாமிய மரபிலும் மர்யமின் தாய்க்கு ஹன்னா என்றே பெயர். குர்ஆன் அவரைப் பெயர் சொல்லாமல் இம்ரானின் மனைவி என்கிறது. மண்கும்பான் பள்ளிவாசலைக் கடந்து போகும்போது இதை நான் நினைப்பதுண்டு. 1990இல் வடக்கைவிட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களிலும் ஹனா, ஹனான் என்ற பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அதாவது எங்கள் தீவகத்தில் மூன்று வீட்டுக்காரர் இந்தப் பெயரில் பங்கு கேட்கலாம்.

கற்பிட்டிப் பக்கத்துத் தலவிலயில் உள்ளது இந்த மூன்றாவது அன்னாவின் கோயில். தமிழரும் சிங்களவரும் சேர்ந்து போகிற இடம். பிள்ளை வரம் கேட்டுப் போகிறவர்களில் எல்லாச் சமயத்தவரும் உண்டு. அவருடைய திருநாள் யூலை 26. அந்த நாளை ஒட்டிப் பிறந்த பெண்பிள்ளைக்கு வேறு பெயர் தேட மாட்டார்கள்.

ஹகரம் எங்கே போனது, எப்படித் திரும்பி வந்தது என்று சொல்லவேண்டும். கிரேக்க மொழியில் அந்தத் தொண்டை எழுத்து இல்லை. அங்கே அன்னா என்று எழுதினார்கள். இலத்தீனும் போர்த்துக்கேயமும் அதன்வழியே போயின. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினார்கள். எங்கள் ஊர்காவற்றுறையை அவர்கள் இறங்குதுறை என்ற பொருளில் 'காயிஸ்' என்றார்கள், ஆங்கிலத்தில் இன்றும் அதுதான் ஊர்ப்பெயர். அந்தத் துறையால் வந்தவள் ஹகரமில்லாத அன்னா. 1658இல் ஒல்லாந்தர் வந்து கத்தோலிக்கத்தைத் தடை செய்தார்கள். கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்துசேர்ந்த சூசை வாஸ் அடிகளார் மறைந்து மறைந்து மக்களைச் சந்தித்தார். 2015 தை 14இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். கோயில் பறிபோனபோதும் வீட்டுக்குள் கூப்பிடுகிற பெயரை ஒருவராலும் பறிக்க முடியவில்லை.

ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்கும் தங்கள் ஊர்ப்பெயர்களை வைத்தார்கள். காரைதீவு அம்ஸ்டர்டாம், வேலணைத்தீவு லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். துறைமுகத்துக்கு முன்னால் கடலுக்குள் நிற்கிற கோட்டைக்கு ஹம்மன்ஹீல், அதாவது பன்றித்தொடையின் குதி! இலங்கையின் உருவம் அவர்களுக்கு அப்படித் தெரிந்ததாம். இவற்றில் டெல்ஃப்டும் கோட்டையும்தான் பேச்சில் தப்பின. ரொட்டர்டாமுக்கு லோஞ்சு எத்தனை மணிக்கு என்று அனலைதீவுச் சனம் ஒருநாளும் கேட்டதில்லை. வரைபடத்தில் மேலிருந்து எழுதிய பெயர்கள் போய்விட்டன. தாய் ஒருத்தி பிள்ளையைக் கூப்பிட்ட அன்னம்மா நின்றாள்.

ஹகரம் திரும்பியது ஐரோப்பாவில் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களால். அவர்கள் எபிரேய மூலத்தைத் திறந்து வாசித்தபோது பழைய ஏற்பாட்டுப் பெயர்கள் பிள்ளைகளுக்கு வரத் தொடங்கின. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமம் சாமுவேலின் தாயை ஹன்னா என்றும், லூக்காவின் கைம்பெண்ணை அன்னா என்றும் எழுதியது. அதனால் ஆங்கிலத்தில் ஒரு பெயர் இரண்டாகிப் போனது. தமிழில் அப்படி நடக்கவில்லை, பழைய மொழிபெயர்ப்பில் இருவரும் அன்னாள்தான். இந்த விடயத்தில் எங்கள் ஆட்களே சரி.

அங்கேயும் ஹன்னா நீண்ட காலம் கிழவிமார் பெயராகக் கிடந்தாள். இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் எழும்பினாள். அமெரிக்காவில் 1998 தொடக்கம் 2000 வரை பெண்பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களில் இரண்டாமிடம் ஹன்னாவுக்கு. ஜேர்மனியில் இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. ஆங்கில எழுத்தில் முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்று. வகுப்பாசிரியையின் வாயில் சிக்காது. எங்கள் மருமக்கள் அந்த வரிசையிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள்.

அதே காலத்தில் இங்கே என்ன நடந்தது? எங்கள் தாய்மாரின் தலைமுறையிலேயே அன்னம்மா நாட்டுப்புறப் பெயராகிவிட்டது. எங்கள் வகுப்பு இடாப்பில் ஒரு அன்னம்மாவும் இல்லை. இனியும் இகாவும் ஆவுமாக முடிகிற பெயர்கள்தான். பிறகு எண்சாத்திரம் வந்தது. எழுத்தைக் கூட்டி ஐந்து வர வேண்டும், ஒன்பது வர வேண்டும் என்று ஒரு பொருளுமில்லாத பெயர்களைப் பிறப்புப் பதிவில் ஏற்றினோம். ஷகரத்தில் முடிந்தால் நாகரிகம். கிளினிக்கில் பிள்ளையின் அட்டையைப் பார்த்து நான் பெயரை உச்சரிக்கத் தடுமாறும்போது, தாய்க்கும் ஒரு கணம் தடுமாற்றம் வருகிறது. இதைக் கண்டித்துப் பேச எனக்கு உரிமையில்லை என்று சொல்வீர்கள். சரி, ஆனால் பொருள் கேட்டால் சொல்லத் தெரிந்த பெயரை வையுங்கள் என்று கேட்க ஒரு வைத்தியருக்கு உரிமை உண்டு. அட்டையை வாசிக்கிறவள் நான்தானே.

வெளிநாட்டில் ஹன்னா பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணத்தை யாரும் உரத்துச் சொல்வதில்லை. அது எங்கும் மாட்டுப்படாத பெயர். 1983 ஆடியில் பஸ்ஸை மறித்துப் பெயர் கேட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 1990க்கும் 1991க்கும் இடையில் தீவகத்தின் பெரும்பகுதி வெறுமையானபோது, அடையாள அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வள்ளம் ஏறிய தாய்மாரின் பிள்ளைகள் நாங்கள். பெயரைக் கேட்டதும் இன்ன இனம், இன்ன ஊர், இன்ன சமயம் என்று தெரிந்துவிடக் கூடாது என்று ஒரு பயம் எங்களுக்குள் இருக்கிறது. அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் இந்தப் பெயரின் சொந்தக்காரர் பட்ட பாட்டையும் அறிந்திருக்க வேண்டும். 1938இல் ஜேர்மனியில் ஒரு சட்டம் வந்தது. பெயரைக் கேட்டதும் யூதர் என்று தெரியாத யூதப் பெண்கள் எல்லோரும் சாரா என்ற பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். ஆபிரகாமின் மனைவியின் பெயரை, இளவரசி என்று பொருள்படும் பெயரை, முத்திரையாகக் குத்தினார்கள். எங்கள் நூலகத்தில் உறை கிழிந்த நிலையில் ஒரு நாட்குறிப்பு நூல் இருந்தது, வரிசையில் நின்று வாங்கி வாசித்தோம், ஞாபகமா? ஆன் ஃபிராங்க். அவருடைய முழுப் பெயர் அன்னெலீஸ் மரீ. அன்னாவும் எலிசபெத்தும் மரியாவும் சேர்ந்த பெயர். அவருடைய பள்ளித் தோழி ஹன்னா கொஸ்லர், செல்லமாக ஹனெலி. தீவுக்குப் பெயர் கொடுத்த அதே அம்ஸ்டர்டாம் நகரில், ஒரே வகுப்பில், ஒரே பெயருடைய இரண்டு பிள்ளைகள். பேர்கன்-பெல்சன் முகாமில் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று கடைசியாகப் பேசினார்கள். ஒருவர் 1945இல் அங்கேயே இறந்தார், மற்றவர் தப்பிப் பிழைத்துத் தாதியாகி, கொள்ளுப்பேரப் பிள்ளைகளைக் கண்டு 2022இல் மறைந்தார். மாட்டுப்படாத பெயர் என்று ஒன்று உலகத்தில் இல்லை. அந்தக் கணக்குப் போட்டுப் பெயர் வைக்க முடியாது.

இனி நான் இந்தத் தலைப்பை எடுத்ததற்கான காரணத்தைச் சொல்கிறேன்.

வெளிநாடொன்றில் முதியோர் இல்லத்தில் இருந்த எங்கள் ஊர்த் தாய் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். மறதி நோய் முற்றியிருந்தது. தாதிமார் நல்ல பிள்ளைகள், அன்பானவர்கள். கடவுச்சீட்டில் கடைசியாக இருந்த பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அது அவருடைய கணவரின் பெயர். கணவர் இறந்து வெகுகாலம். அந்தப் பெயருக்கு அவர் திரும்பவில்லை. சாப்பாடு எடுப்பதில்லை, அழைத்தால் பதிலில்லை, காதும் போய்விட்டது என்று குறிப்பில் எழுதியிருந்தார்கள். நான் கட்டிலருகே இருந்து மெல்ல "அன்னம்மாக்கா" என்றேன். தலையைத் திருப்பி, "ஆர் பிள்ளை?" என்று கேட்டார். காதுக்கு ஒன்றும் இல்லை.

பிறந்து நாலைந்து மாதத்தில் ஒரு குழந்தை தன் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பிரித்து அறியத் தொடங்குகிறது. மறதி நோயில் எல்லாம் கழன்று போகும்போதும் மிகப் பிந்தியே கழல்வதில் அந்தச் சொல்லும் ஒன்று என்பது எங்கள் அனுபவம். இதற்கு மருந்து தேவையில்லை. அந்தச் சொல் எது என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

எங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு பெண் பிறந்ததும் தகப்பனின் முதலெழுத்து, கட்டியதும் புருஷனின் பெயர், பெற்றதும் 'இன்னாருடைய தாய்'. கடைசியில் 'மேற்கால ஆச்சி'. கட்டிலட்டையில் பெயரெழுதக் கேட்டால் மகனே யோசிக்கிறார். "அம்மாவின்ர பேரோ டொக்டர், நில்லுங்கோ, தங்கச்சியைக் கேட்டுச் சொல்லுறன்" என்று வெளியில் போனவர்களும் உண்டு.

எங்கள் பேச்சில் தாத்தாவைப் பேரன் என்கிறோம், பேரப்பிள்ளையையும் பேரன் என்கிறோம். வெளியூர்க்காரர் குழம்பிப்போவார்கள். பெயரைக் கொடுத்தவரும் பெயரன், வாங்கியவரும் பெயரன். பேத்தியும் அப்படியே. மூத்தவரின் பெயரைப் பிள்ளைக்கு விட்டுப்போவது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடத்திலும் இறந்துபோன பேத்தியாரின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் உண்டு, அப்படித்தான் ஹன்னாக்கள் அற்றுப்போகாமல் வந்தார்கள்.

ஆகவே அந்த விபரத்தாள் எழுதிய அக்காவுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பேத்திக்கு நீங்கள் வாங்கிக் கொடுக்கிற சங்கிலியோடு இதையும் சொல்லிக் கொடுங்கள். அவளுடைய பெயர் வெள்ளைக்காரரிடம் வாங்கியதில்லை. அது அவளுடைய பூட்டியின் பெயர், காயிஸ் துறையால் வந்து நானூறு வருடம் எங்கள் கிணற்றடியில் இருந்த பெயர். பொருள் அருள். எழுதும்போது ஹன்னா, வீட்டில் கூப்பிடும்போது அன்னம் என்று கூப்பிட்டுப் பாருங்கள், அவள் திரும்பிப் பார்ப்பாள். சைவ வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பெயர் வந்திருந்தாலும் தோஷமில்லை. கிழக்கால அன்னம்மா ஆச்சி கோபிக்க மாட்டார்.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. எங்கள் அங்கத்தவர் விபரக்கோவையில் பெரும்பாலானோர் 'திருமதி' போட்டுக் கணவரின் பெயரில் இருக்கிறார்கள். என்னோடு ஒரே வாங்கில் இருந்த தோழியையே அதில் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த பதிப்பில் இடாப்பில் இருந்த பெயரை முதலில் போடுங்கள், மற்றவை அடைப்புக்குள் வரட்டும். விபரத்தாளிலும் இரண்டு வரி கூட்டுங்கள்: தாயின் சொந்தப் பெயர், தாயின் தாயின் சொந்தப் பெயர். இடம்பெயர்வில் எங்கள் பழைய பதிவேடுகள் பல போய்விட்டன. அந்த இரண்டு வரியையும் நிரப்பத் தெரிந்தவர்கள் இன்றைக்கு இந்த மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கிறார்கள். இறைப்பிரார்த்தனைக்கு எழும்ப முழங்கால் விடாதவர்கள். சாப்பாட்டு நேரத்தில் தாளும் பேனையும் கொண்டு அவர்களிடம் போவதற்குச் செயலாளர் இரண்டு மாணவிகளை ஒழுங்கு செய்து தந்திருக்கிறார். பாயாசம் அதற்குப் பிறகு.